இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் வேலை

சித்திரை, வைகாசியில் தர்மபுரிப் பக்கம் மைதானங்கள் ஓய்வதில்லை. பள்ளி விடுமுறை, ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்ட், திருவிழாவை ஒட்டிக் கபடி. கோடை இடியும் அதே மாதங்களில், பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வருகிறது. உடற்கல்வி ஆசிரியராகவும் அம்பயராகவும் இந்த மைதானங்களில் நிற்பவன் என்ற முறையில் சக நடுவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஆட்டத்தை நிறுத்த மழைக்காகக் காத்திருக்காதீர்கள்.

மேற்கே கறுத்து, இடி உருள ஆரம்பித்ததும் கமிட்டிக்காரர் ஓடி வருவார். "சார், ஒரு தூறல்கூட விழலையே, ரெண்டு ஓவர்தான் பாக்கி, முடிச்சிடலாம் சார்." பந்தல், மைக் செட், பரிசுத்தொகை என்று அவர் கவலை அவருக்கு. ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். இடி காதில் கேட்கிறது என்றாலே நாம் அதற்கு எட்டும் தூரத்தில் இருக்கிறோம்.

மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் இறக்காதீர்கள். இடையில் இன்னொரு இடி கேட்டால், அந்த அரை மணி நேரம் மறுபடி முதலிலிருந்து. மின்னல் எச்சரிக்கை தரும், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியும் போனில் இருக்கட்டும்.

கிரிக்கெட் சட்டம் 2.7-இன்படி, வானிலை ஆபத்தானதா என்று முடிவு செய்வது அம்பயர்கள் மட்டுமே. கேப்டன் சம்மதமோ கமிட்டி சம்மதமோ தேவையில்லை.

நிறுத்தினால் மட்டும் போதாது. பெரு நாட்டில் 2024 நவம்பரில் ஒரு கால்பந்து ஆட்டத்தை நடுவர் நிறுத்திவிட்டார்; வீரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோதே மின்னல் தாக்கி ஒருவர் இறந்தார். நம்மூர் மைதானத்தில் வெளியேறினாலும் எங்கே போவார்கள்? ஓரத்துப் புளியமரத்தடிக்கு, இல்லையென்றால் இரும்புக் குழாய் நட்ட ஷாமியானாவுக்கு. இரண்டுமே ஆபத்து. மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மீதும் தாவும், தரை வழியாகவும் பரவும். சுவரில்லாத தகரக் கொட்டகையும் உதவாது, பைக்கில் கிளம்புவதும் உதவாது. பள்ளிக் கட்டடம், கண்ணாடி ஏற்றிய பஸ், வேன், கார் இவைதான் பாதுகாப்பு. பார்க்க வந்த ஜனங்களுக்கும் அதை மைக்கில் சொல்லிவிட வேண்டும்.

யாராவது தாக்கப்பட்டால் தொடப் பயப்படாதீர்கள், அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. பேச்சு மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, அந்த நொடியே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

நான் டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களையும் கமிட்டியையும் கூப்பிட்டு, எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் சாவி யாரிடம் என்று கேட்டுவிடுகிறேன். சாவிக்காரர் மைதானத்தில் இல்லையென்றால், அவர் வந்த பிறகுதான் முதல் ஓவர்.