ஒரே முனையம், இருவகைப் பயணிகள்: உள்நாட்டு விமானத்தின் எல்லை எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடும்; ஆனால் கடப்பிதழ் இல்லாமல் ஏற முடியாது. கோலாலம்பூரின் அதே செப்பாங் விமான நிலையத்திலிருந்து சபாவின் தாவாவுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், பெரும்பகுதி தென்சீனக் கடலுக்கு மேலே. அதற்கு மலேசியர் ஒருவருக்கு அடையாள அட்டையான மைகார்ட் போதும். முதலாவது அனைத்துலகப் பயணம், இரண்டாவது உள்நாட்டுப் பயணம். இரண்டும் ஒரே ஓடுபாதையிலிருந்து எழும்பலாம். ஒரே நாளில் ஒரே விமானமே இரண்டையும் செய்து முடிக்கலாம்.

அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது? முனையக் கட்டடத்துக்குள் சில கண்ணாடிச் சுவர்களிலும் கதவுகளிலும் இருக்கிறது. முனையத்தை வடிவமைப்பவர்கள் உண்மையில் அந்த எல்லையைத்தான் வடிவமைக்கிறார்கள். நாம் பையை இழுத்துக்கொண்டு அவசரமாகக் கடந்துபோகும் தடுப்புகளுக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விமானத்துக்கு எல்லை தெரியாது. காலையில் பினாங்கு போய்வந்த விமானம் மதியம் திருச்சிக்கும் அடுத்து கூச்சிங்குக்கும் போகலாம். பறக்கும் விதிகள் கேட்பதெல்லாம் கரை எவ்வளவு தொலைவு என்பதைத்தான். கரையிலிருந்து 93 கிலோமீட்டருக்கு, அதாவது 50 கடல் மைலுக்கு அப்பால் நீரின்மேல் பறந்தால் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடுப்பு இருக்க வேண்டும் என்கிறது அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ. அந்தக் கடல் எந்த நாட்டுடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. உள்நாட்டுச் சுற்று, வெளிநாட்டுச் சுற்று என்பது விமானத்தில் ஏறி உட்காரும் மனிதர் சட்டத்தின் கண்ணில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இருவகைப் பயணிகளையும் ஒரு கூரைக்குக் கீழ் வைத்திருக்கும் விமான நிலையம் மூன்று கலப்புகளைத் தடுக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை முடிந்தவரும் முடியாதவரும் கலக்கக் கூடாது. குடிநுழைவுத் துறையில் ‘நாட்டை விட்டுப் புறப்பட்டார்’ என்று பதிவானவரும் பதிவாகாதவரும் கலக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவர், குடிநுழைவையும் சுங்கத்தையும் தாண்டும்வரை உள்நாட்டுப் பயணியோடு கலக்கக் கூடாது. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனித்தனி வழி விடுகிறார்கள் அல்லவா, அதைப் போன்றதுதான். அங்கே கலந்தால் நெரிசல். இங்கே கலந்தால் எல்லையே இல்லாமல் போய்விடும்.

எப்படி என்று பார்ப்போம். ஒரே காத்திருப்புக் கூடத்தில் இருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பினாங்கு போகிறவர். குடிநுழைவு முகப்பைத் தாண்டாதவர். மற்றவர் லண்டன் போகிறவர். கடப்பிதழைக் காட்டிப் புறப்பாட்டைப் பதிந்துவிட்டவர். இருவரும் கழிப்பறைப் பக்கம் போய் ஏறும் அட்டைகளை மாற்றிக்கொள்கிறார்கள். வாயிலில் முகத்தையும் ஆவணத்தையும் கவனமாக ஒப்பிடாவிட்டால், நாட்டை விட்டுப் போகத் தடை உள்ளவர் லண்டன் விமானத்தில் ஏறிவிடுவார். நாட்டை விட்டுப் போனதாகப் பதிவாகியிருப்பவர் பினாங்கில் இறங்கி நடமாடுவார். கணினியில் இருவரின் கணக்கும் சரியாக இருக்கும், உண்மையில் இரண்டும் பொய். வரியில்லாக் கடையில் வாங்கிய மதுப் புட்டி நாட்டுக்குள் வரும் வழியும் இதுவேதான். ஆகவேதான் நடுவில் சுவர்.

எல்லா நாடும் இப்படிச் சுவர் கட்டுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புறப்படும்போது அரசின் குடிநுழைவு முகப்பு கிடையாது. அதனால் இருவகைப் பயணிகளும் ஒரே கூடத்தில் உட்கார முடிகிறது. அப்போதும் அட்டை மாற்றும் ஆபத்து இருக்கிறது. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்தில் உள்நாட்டுப் பயணியின் முகத்தைச் சோதனைச் சாவடியில் படமெடுத்து வைத்து, விமான வாயிலில் மறுபடியும் ஒப்பிடும் முறை வந்தது இதற்காகவே. சுவர் செய்யும் வேலையைக் கேமரா செய்கிறது. மலேசியா புறப்பாட்டையும் பதிவுசெய்யும் நாடு. ஆகவே இங்கே சுவர்தான் முதல் வழி.

செப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கேஎல்ஐஏ 1998 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. அதன் முதல் முனையத்தைப் பாருங்கள். முதன்மைக் கட்டடத்தை ஒட்டிய நீண்ட பகுதியில் ஏ, பி வாயில்கள் உள்நாட்டுக்கு. ஜி, எச் வாயில்கள் அனைத்துலகப் பயணத்துக்கு. சி வாயில்கள் உள்ள துணைக் கட்டடம் தள்ளித் தனியே நிற்கிறது. அது முழுக்க அனைத்துலகப் பயணிகளுடையது. ஓட்டுநரில்லா ஏரோட்ரெயினில்தான் அங்கே போக வேண்டும். 2023 மார்ச்சில் அந்த ரயில் நின்று, 2025 ஜூலை 1 அன்று மறுபடி ஓடத் தொடங்கும்வரை பயணிகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்றார்கள். அந்த இரண்டாண்டுத் தொல்லை பினாங்கு, கூச்சிங் போனவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. அவர்கள் பக்கம் எல்லைக்கோட்டுக்கு இப்பால், முதன்மைக் கட்டடத்திலேயே இருந்தது. 2014 மே 2 அன்று திறந்த இரண்டாம் முனையத்தில் ரயிலுக்குப் பதில் உயரமான பாலம். அனைத்துலகப் பயணிகள் அதன்மேல் நடந்து துணைக் கட்டடத்துக்குப் போகிறார்கள். கீழே விமானங்கள் ஊர்ந்து செல்கின்றன.

ஒரே கட்டடத்தில் இரண்டையும் வைப்பதற்கு நல்ல கணக்குக் காரணமும் உண்டு. காலையில் உள்நாட்டு விமானங்களுக்கு 14 வாயிலும் அனைத்துலக விமானங்களுக்கு 6 வாயிலும் தேவை, இரவில் முறையே 5, 13 தேவை என்று ஒரு கற்பனை விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தனித்தனி முனையம் கட்டினால் 14-உம் 13-உம் சேர்ந்து 27 வாயில் வேண்டும். வாயில்களைப் பகிர்ந்தால் காலையில் 20, இரவில் 18; ஆக 20 கட்டினால் போதும். உச்ச நேரங்கள் ஒன்றோடொன்று மோதாத வரை பகிர்வு மிச்சம் பிடிக்கும். ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காகக் கட்டிய முனையத்தை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு விரிவுபடுத்திவரும் பினாங்கு போன்ற இடத்தில், ஒவ்வொரு வாயிலும் அருமையானது. பாயான் லெப்பாஸில் 1935-இலிருந்து இயங்கும் அந்த விமான நிலையத்தில் இருவகைப் பயணிகளுக்கும் ஒரே முனையம்தான்.

பகிரும் வாயில் எப்படி வேலை செய்கிறது? விமானத்தோடு இணையும் பாலம் முனையத்தோடு சேரும் இடத்தில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று உள்நாட்டுக் கூடத்துக்கு, மற்றது அனைத்துலகக் கூடத்துக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதபடி பூட்டுகளைப் பிணைத்திருப்பார்கள். காலையில் உள்நாட்டு விமானம் போனதும் பணியாளர் அந்தப் பகுதியை நடந்து பார்த்து யாரும் இல்லை, எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதிசெய்வார். உள்நாட்டுக் கதவு பூட்டப்படும். பிறகுதான் மற்றது திறக்கும். நாட்டின் எல்லை அந்த நிமிடத்தில் சில மீட்டர் நகர்ந்துவிடுகிறது. பொறியியலில் எனக்குப் பிடித்த காட்சிகளில் இது ஒன்று.

உங்களை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று தானியங்கித் தடுப்புக்கு எப்படித் தெரிகிறது? ஏறும் அட்டையில் உள்ள பட்டைக் குறியீட்டில் உங்கள் பெயர், புறப்படும் நகரத்துக்கும் சேரும் நகரத்துக்கும் உரிய மூன்றெழுத்துக் குறிகள், விமான எண், இருக்கை, தேதி எல்லாம் ஒரு நீண்ட எழுத்துச் சரமாக இருக்கின்றன. தேதி மாதமும் நாளுமாக இராது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் இருக்கும். பிப்ரவரி 1 என்றால் 032. கோலாலம்பூர், பினாங்கு என்னும் இரண்டு குறிகளையும் விமான எண்ணையும் அன்றைய பட்டியலோடு ஒப்பிட்டாலே இவர் உள்நாட்டுப் பயணி என்று கணினி முடிவுசெய்துவிடும்.

இப்போது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று. சென்னையிலிருந்து அத்தை வருகிறார். கோலாலம்பூரில் மாறிப் பினாங்கு போகிறார். குடிநுழைவு எங்கே? கோலாலம்பூரில்தான், ஏனென்றால் பினாங்கு விமானம் உள்நாட்டு விமானம். அதில் ஏறுமுன் அவர் மலேசியாவுக்குள் நுழைந்தவராக இருக்க வேண்டும். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் வாங்கியிருந்தால் இன்னொரு மாற்றமும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. 1999-இன் மொன்றியல் உடன்படிக்கைப்படி, ஒரே பயணமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதன் உள்நாட்டுத் துண்டும் அனைத்துலகப் பயணத்தின் பகுதிதான். அத்தைக்குப் பக்கத்து இருக்கையில் கோலாலம்பூரில் ஏறிய மருமகன் உட்கார்ந்திருக்கலாம். இருவரின் பெட்டியும் தொலைந்தால் அத்தையின் இழப்பீட்டை அந்த உடன்படிக்கை தீர்மானிக்கும், மருமகனுடையதை மலேசியச் சட்டம் தீர்மானிக்கும். டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். முதல் முனையத்தில் இறங்கி இரண்டாம் முனையத்தில் ஏற வேண்டியிருந்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ரயில் பிடிக்க வேண்டும். முனையங்களுக்கு இடையே 3 நிமிடம்தான், 2 ரிங்கிட்தான். நேரத்தைத் தின்பது குடிநுழைவும் பெட்டிக்குக் காத்திருப்பதும்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு டிக்கெட் விற்க முடியுமா? 1944-இன் சிகாகோ உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, உள்நாட்டுப் பயணிகளை ஏற்றும் உரிமையைப் பிற நாட்டு விமானங்களுக்கு மறுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் அதிகாரம் தருகிறது. டச்சு நிறுவனமான கேஎல்எம் பல ஆண்டுகளாக ஆம்ஸ்டர்டாம் – கோலாலம்பூர் – ஜகார்த்தா வழியில் பறந்து, கோலாலம்பூரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பயணிகளை ஏற்றியிருக்கிறது. அதற்கு அரசுகளின் ஒப்பந்தம் உண்டு. பினாங்குக்கு அப்படி ஏற்ற முடியாது.

இதுவரை சொன்னது பல நாடுகளுக்கும் பொருந்தும். மலேசியாவின் தனித்தன்மை சரவாக், சபாவில் தொடங்குகிறது. 1963-இல் மலேசியா உருவானபோது, குடிநுழைவில் தங்களுக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்று அவ்விரு மாநிலங்களும் பெற்றுக்கொண்டன. அது சட்டத்திலும் எழுதப்பட்டது. ஆகவே கோலாலம்பூரில் உள்நாட்டு வாயில் வழியாக ஏறி, உள்நாட்டு விமானத்தில் போய்ச் சரவாக்கின் கூச்சிங்கில் இறங்கினால் எதிரே குடிநுழைவு முகப்பு நிற்கிறது. தீபகற்ப மலேசியர் மைகார்டைக் காட்டி, சுற்றிப் பார்க்க 90 நாள்வரை தங்கலாம். வேலைக்குப் போகிறவர் பணி அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டவர் கோலாலம்பூரில் நுழைந்திருந்தாலும் அங்கே கடப்பிதழை மறுபடி காட்ட வேண்டும். சரவாக்கிலிருந்து சபாவுக்குப் போனாலும் அப்படியே. அதனால் சபாவின் கோத்தா கினபாலு விமான நிலையம் வருவோரை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: சபாவுக்குள்ளேயே சண்டாக்கான், தாவாவிலிருந்து வருவோர்; நாட்டின் மற்ற மாநிலங்களிலிருந்து வருவோர்; வெளிநாட்டிலிருந்து வருவோர்.

அந்த விமானம் போகும் வானத்தையும் பாருங்கள். கூச்சிங் சுமார் 1,000 கிலோமீட்டர் கிழக்கே. தீபகற்பத்தின் கரையைத் தாண்டிக் கடலுக்குள் 12 கடல் மைல் போனால் மலேசிய வான்வெளி முடிந்துவிடுகிறது. நடுவழியில் சிங்கப்பூர்க் கட்டுப்பாட்டாளர்களின் பொறுப்பிலுள்ள வான்பகுதி. வழியில் இந்தோனேசியாவின் தீவுக் கூட்டங்கள். தன் தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் முழுவதும் தன்னுடையது என்ற இந்தோனேசியாவின் கொள்கையை மலேசியா ஏற்றபோது, தன் இரு பகுதிகளுக்கு இடையே கப்பலும் விமானமும் தடையின்றிப் போய்வரும் உரிமையைக் கேட்டு வாங்கியது. 1982 பிப்ரவரியில் ஜகார்த்தாவில் கையெழுத்தான உடன்படிக்கை அதற்கானது. நாட்டு எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழையும் உள்நாட்டுப் பயணம் இது. ஐசிஏஓ தரும் நான்கெழுத்து விமான நிலையக் குறிகளிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. தீபகற்பத்து நிலையங்கள் ‘டபிள்யூ-எம்’ என்று தொடங்கும். சபா, சரவாக் நிலையங்கள் புருணையோடு சேர்ந்து ‘டபிள்யூ-பி’ என்று தொடங்கும்.

குடிநுழைவு இல்லாமல் சுங்கம் மட்டும் எல்லையாகும் இடமும் உண்டு. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே போகக் கடப்பிதழ் வேண்டாம். ஆனால் வாங்கிய பொருளுக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் 48 மணி நேரமாவது தீவில் தங்கியிருக்க வேண்டும்.

டிக்கெட் விலையிலும் இந்தப் பாகுபாடு உட்கார்ந்திருக்கிறது. கேஎல்ஐஏவில் உள்நாட்டுப் பயணிக்குச் சேவைக் கட்டணம் 11 ரிங்கிட், தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாட்டுக்குப் போகிறவருக்கு அதைவிட அதிகம். சாதாரண வகுப்பில் ஆசியான் நாட்டுக்குப் பறப்பவர் 2019 செப்டம்பர் முதல் 8 ரிங்கிட் புறப்பாட்டு வரியும் கட்டுகிறார். உள்நாட்டுப் பயணிக்கு அது இல்லை.

கடைசியாகத் திரவங்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்ட பிறகு, கைப்பையில் ஒரு புட்டி 100 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. மலேசியாவில் இது அனைத்துலகப் புறப்பாடுகளுக்கான விதி. ஆகவே பினாங்கில் வாங்கிய பெரிய ஜாதிக்காய் எண்ணெய்ப் புட்டி கைப்பையிலேயே கோலாலம்பூர்வரை வந்துசேரும். அங்கிருந்து சென்னைக்கு விமானம் மாறும்போது மறுபடி சோதனை உண்டு. அதே புட்டி அங்கே பறிபோகும். ஊறுகாயும் தொக்கும் சம்பாலும்கூட அந்தக் கணக்கில் திரவம்தான். பினாங்கில் பெட்டியை ஒப்படைக்கும்போதே இவற்றை அதற்குள் வைத்துவிடுங்கள்.