சேஞ்ச் ஓவர் சுவிச்சுக்குத் தமிழ் என்ன?

திருகோணமலையில் மின்சாமான் கடைக்குப் போய் ‘டிரான்ஸ்பர் சுவிச்’ கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். ‘சேஞ்ச் ஓவர்’ என்றால் உடனே எடுத்து வைப்பார். முன்னையது அமெரிக்க வழக்கு, பின்னையது பிரித்தானிய வழக்கு. சாமான் ஒன்றுதான். வீட்டுக்கு மின்சாரம் வர இரண்டு வழி இருக்கும்போது, மின்சார சபையின் கம்பி அல்லது ஜெனரேற்றர், இவற்றில் ஒன்றோடு மட்டும் வீட்டை இணைத்து மற்றதை அறவே துண்டிக்கும் கருவி அது. கைப்பிடிக்கு மூன்று நிலை: 1, 0, 2. நடுவிலுள்ள பூச்சியத்தைக் கடக்காமல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக முடியாது.

டிரான்ஸ்பர் என்பதன் வேர் இலத்தீன்: ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘ஃபெரே’ என்றால் சுமந்து செல்லல். சுவிச்சின் கதை இதைவிடச் சுவையானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் அது குதிரையை விரட்டும் மெல்லிய பிரம்பு. பிறகு ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குத் திருப்பும் பொறிக்குப் பெயரானது. மின்சாரத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. சேஞ்ச் ஓவர் செய்வதும் தண்டவாளத் திருப்பத்தின் வேலையைத்தான்.

இலங்கைப் பாடநூல்களில் சுவிச்சுக்கு ‘ஆளி’ என்று படித்தோம். முதலாளி, தொழிலாளி என்பவற்றில் வரும் அதே ஆளிதான். ‘ஆள்’ என்ற வினையடி. சங்கப் பாடல்களில் யானையை வீழ்த்தும் விலங்குக்கும் இதே பெயர் உண்டு, அது வேறு கதை. தமிழ்நாட்டில் விசை, சொடுக்கி, நிலைமாற்றி என்று பல சொற்கள். மின்னோட்டத்தை ஆள்வது என்ற பொருள் நேராகத் தெரிவதால் எனக்கு ஆளியே போதும்.

சிக்கல் ‘சேஞ்ச் ஓவர்’ என்ற பாதியில் இருக்கிறது. ‘மாற்று ஆளி’ என்றால் பழுதானதற்குப் பதிலாக வாங்கி வைத்த உதிரி ஆளி என்றும் பொருள்படும். ‘இருவழி ஆளி’ இன்னும் மோசம். அது மாடிப்படியின் மேலும் கீழும் ஒரே விளக்கை எரிக்கப் பூட்டும் ஆளிக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். அதில் பூச்சிய நிலை இல்லை, உயிர்க்கம்பியை மட்டுமே மாற்றும், வீட்டின் முழுச் சுமையையும் தாங்காது. பெயரை நம்பி அதைப் பூட்டினால் ஆபத்து. ‘மூலமாற்றி’ என்று சொல்லிப் பார்த்தேன். வைத்தியசாலை நினைவுதான் வருகிறது. மாற்றப்படுவது மின்வழங்கல். ஆகவே ‘வழங்கல் மாற்றாளி’ என்பதே என் தெரிவு.

இந்தக் கருவி ஏன் வேண்டும்? 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2022இல் நாள்தோறும் மின்வெட்டு. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனது. இப்படியான காலங்களில் ஜெனரேற்றர் வாங்குவோர் சிலர், இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்து சுவரிலுள்ள பிளக் பொயின்றில் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் வெளிச்சம். அந்த 230 வோல்ற் மெயின் வழியாக வெளியேறி வீதியின் டிரான்ஸ்போமரை அடைந்தால், அது தலைகீழாக இயங்கி, 11,000 அல்லது 33,000 வோல்ற் கம்பியில் பல ஆயிரம் வோல்ற்றை எழுப்பும். கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அதைத் தொடுவார். இதற்குப் ‘பின்னூட்டல்’ என்று பெயர். அயல் வீடுகளின் சுமையே சின்ன ஜெனரேற்றரை நிறுத்திவிடும் என்று வாதிடுவோர் உண்டு. புயலில் கம்பி அறுந்து தனித்துப்போன துண்டில் அந்தச் சுமை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

“மெயினை ஓஃப் பண்ணிவிட்டுத்தான் போடுவேன்” என்பது அடுத்த வாதம். நள்ளிரவில், மழையில், வீட்டில் வேறொருவர் இயக்கும்போது? மாற்றாளியில் நினைவுக்கு வேலை இல்லை. இரண்டு வழங்கலும் ஒருசேர இணையாதபடி உள்ளே இடைப்பூட்டு இருக்கிறது.

பூட்டும் இடம் மீற்றருக்கும் வீட்டின் விநியோகப் பெட்டிக்கும் நடுவே. மீற்றரும் அதன் முத்திரையும் சபையின் சொத்து, அந்தப் பக்கம் கை வைக்கக்கூடாது. தனி அவத்தை (சிங்கிள் பேஸ்) வீட்டுக்கு இருமுனை மாற்றாளி, மூன்று அவத்தைக்கு நான்குமுனை: நொதுமல் (நியூட்ரல்) கம்பியும் சேர்ந்தே மாற வேண்டும். 5 கே.வி.ஏ. ஜெனரேற்றர் தருவது ஏறக்குறைய 22 அம்பியர்தான். ஆனால் சபை இணைப்பு 30 அம்பியர் என்றால் மாற்றாளி அதையும் தாங்க வேண்டும், ஆகவே 40 அல்லது 63.

பலர் விட்டுவிடுவது புவித்தொடுப்பு (ஏர்த்). மின்கசிவைக் கண்டதும் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச், மாற்றாளிக்குப் பிறகு வந்தால் இரண்டு வழங்கலுக்கும் காவல் கிடைக்கும் என்பது சரி. ஆனால் சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் நொதுமல் எதனோடும் பிணைக்கப்படாமல் மிதக்கும். அப்படியிருந்தால் மின்கசிவு திரும்பிப் போகப் பாதை இல்லை, ட்ரிப் சுவிச் விழாது. ஜெனரேற்றர் பக்கத்தில் நொதுமலைப் புவிக்கம்பியோடு பிணைத்து, புவிக்கோலும் இறக்க வேண்டும். இது வீட்டுக்காரர் தானே பார்க்கும் வேலை அல்ல. தகைமையுள்ள மின்னியலாளர் அளந்து பார்த்துச் செய்ய வேண்டியது.

கூரையில் சோலார் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. வலையமைப்போடு இணைந்த சாதாரண இன்வேட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பின்னூட்டலைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. அது இணைந்துள்ள அதே விநியோகப் பெட்டிக்கு ஜெனரேற்றரைக் கொடுத்தால், ஜெனரேற்றரைச் சபை மின்சாரமென்று எண்ணி இன்வேட்டர் விழித்துக்கொண்டு, மிகையான மின்சக்தியை ஜெனரேற்றருக்குள் தள்ளக்கூடும். மாற்றாளி 2க்கு, அதாவது ஜெனரேற்றருக்கு, போகும்போது சோலார் இணைப்பு சபையின் பக்கத்திலேயே நிற்கும்படி வயரிங் இருக்க வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் ‘ஏ.டி.எஸ்.’ என்று சொல்வது தன்னியக்க வழங்கல் மாற்றாளி. கரண்ட் போனதும் ஜெனரேற்றரை அதுவே இயக்கி மாற்றும். திரும்பி வந்ததும் உடனே மாற்றாமல், வந்தது நிலைக்கிறதா என்று சற்று நேரம் காத்திருக்கும். எவ்வளவு என்பதை நாமே அமைக்கலாம். கடலோரத்தில் இதற்கும் கையால் இயக்குவதற்கும் பொதுவான எதிரி உப்புக்காற்று. செப்புத் தொடுமுனைகளில் பச்சை பூத்தால் இணைப்பு சூடேறும். நன்றாக மூடிய பெட்டியில் வைத்து, மாரி தொடங்குமுன் மின்னியலாளரைக் கொண்டு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.