நின்றே கெடும் வண்டி

ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி தானாக ஹார்ன் அடிக்கிறது என்று ஒருவர் வந்தார். பானெட் வைத்த பழைய சரக்கு வண்டி. சாவி வீட்டுக்குள், கேபினில் ஆள் இல்லை, வண்டி மட்டும் நிறுத்தாமல் அலறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சண்டைக்கே வந்துவிட்டாராம். "சுவிட்ச் போயிருக்கும்ணே, மாத்திக் குடுத்துடுங்க" என்றார்.

சுவிட்சில் ஒன்றுமில்லை. ஹார்ன் பட்டனுக்கு இருப்பது ஒரே வேலை, ஹார்னுக்குக் கரண்ட் விடும் ரிலேயிலிருந்து வரும் ஒரு வயரை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு பாடியில், தொடவைப்பது. அந்த வயரின் தோலை எலி உரித்திருந்தது. பனி இறங்கி ஈரம் பட்டதும் அம்மணமான செம்பு, பாடியைத் தொட்டிருக்கிறது. ஹார்னுக்கு யார் அழுத்தினால் என்ன?

இத்தனை வருட வேலையில் நான் கண்டது இது. ஓடிக் கெட்ட பழைய வண்டியை விட, வீட்டோரம் நின்று கெட்ட பழைய வண்டிதான் பட்டறைக்கு அதிகம் வருகிறது. நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தொல்லைகளுக்கெல்லாம் அது குடியிருப்பாகிவிடுகிறது. கொஞ்ச நாளில் அந்தத் தொல்லையை வீட்டுக்கே திருப்பியும் அனுப்புகிறது.

முதல் குடித்தனக்காரர் எலி. ஓடி வந்த இன்ஜினின் சூடு, மேலே கூரை, உள்ளே இருட்டு. வேறென்ன வேண்டும்? சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடுக்கு போதும், பழைய கேபினில் அப்படி இருபது ஓட்டை இருக்கும். வயரைக் கடிப்பது பசிக்காக அல்ல. அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தபடி இருக்க வேண்டும். இப்போது வரும் வயர்களில் சோயா கலக்கிறார்கள், அதனால்தான் எலி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சோயா என்ற பேச்சே எழாத காலத்து வண்டிகளின் வயரையும் எலி விட்டுவைக்கவில்லை.

எலி கடிப்பதை விடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு மனிதர் செய்வது. கடித்த வயர் பாடியில் பட்டு ஃபியூஸ் போகும். 15 ஆம்பியர் போட்ட இடத்தில் 30 போடுவார்கள், அதுவும் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவார்கள். ஃபியூஸ் காப்பது லைட்டையோ ஹார்னையோ அல்ல, வயரை. ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். வயர் ஓடுவது டீசல் குழாயை ஒட்டி, வண்டி நிற்பது வீட்டுச் சுவரை ஒட்டி. திரும்பத் திரும்ப ஃபியூஸ் போகிறது என்றால் அந்தக் கட்டு வயரை முழுக்கப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடிபட்ட ஓர் இடம் கண்ணில் பட்டால், படாதவை இன்னும் குறைந்தது இரண்டு இருக்கும்.

புளோயரைப் போட்டதும் மூத்திர வாடை அடித்தால் காற்றுக்குழாயில் கூடு இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள், பஞ்சும் துணிக்கிழிசலும் அங்கேயும் இருக்கும். அதை ஏர் அடித்து ஊதவே கூடாது. எங்கள் பையன்களே முன்பு அப்படித்தான் செய்வார்கள், நான் திட்டி நிறுத்தினேன். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும், காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போனால் வேறு நோய்களும் வரலாம். கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். வண்டிக்குள் எலி மருந்து வைக்காதீர்கள். தின்ற எலி டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்ச் சாகும், அதை எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். அந்துருண்டை வாசம் உள்ளவரை வேலை செய்யும், பிறகு எலிக்குப் பழகிவிடும். பொறி வைப்பது, கேபினில் தின்பண்டத் துகள் இல்லாமல் கூட்டுவது, வண்டியைச் சுவரிலிருந்தும் குப்பை மேட்டிலிருந்தும் தள்ளி நிறுத்துவது, இவை மூன்றும்தான் நான் பார்த்தவரை நின்று பலன் தந்தவை.

பூச்சியைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2011இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் டேங்கின் காற்றுப்போக்குக் குழாயில் ஒரு வகைச் சிலந்தி வலை கட்டியதுதான் காரணம். லாரியில் அந்த வேலையைச் செய்வது மண்குளவி. பின் ஆக்சிலின் மேலே பிரீதர் என்று விரல் கனத்துக்கு ஒரு மூச்சுக்குழல் இருக்கும். அதில் மண் அடைத்தால் உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசியும். ஒரே வண்டிக்கு இரண்டு முறை சீல் மாற்றிய பிறகுதான் அந்தக் குழலை நான் எட்டிப் பார்த்தேன். அது என் தவறு.

இனி வண்டி வீட்டுக்குச் செய்வது.

சுவரோரம் அடுக்கி வைத்த பழைய டயர், தொய்ந்து கிடக்கும் தார்பாய், மூடியில்லாத டூல் பாக்ஸ். மழைத் தண்ணீர் எங்கே நின்றாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டேனே என்பார்கள். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, தண்ணீர் விளிம்புக்கு மேலே ரப்பரில் ஒட்டி வைக்கிறது. மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரியும். ஆசியப் புலிக்கொசு கடல் தாண்டிக் கண்டங்களில் பரவியதே பழைய டயர் வியாபாரத்தில்தான், 1985இல் டெக்சாஸில் அது குடியேறியிருப்பது தெரியவந்தது. ஆகவே ஓடாத டயரைக் கழித்துவிடுங்கள், கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் கூரைக்குள் வையுங்கள்.

ரேடியேட்டர் ஒழுகும் வண்டியின் அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ தேங்குவது வெறும் தண்ணீர் அல்ல. கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அதற்கு இனிப்புச் சுவை உண்டு. நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போகும். கூலன்ட்டைப் பிரித்து ஊற்றும் ஆட்கள் அதைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஓடாத வண்டி கெட்டுப்போகும் என்று தினம் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பவர்கள் உண்டு. அக்கறைதான், ஆனால் கெடுதல். செல்ஃப் இழுத்த கரண்ட் ஐந்து நிமிட ஐடிலில் பேட்டரிக்குத் திரும்பாது. டீசல் எரிந்து வரும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஷெட்டுக்குள் ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஜன்னல் வழியே படுக்கையறைக்கு வரும், நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவைத் திறந்து வைத்தேன் என்பது போதாது. அதற்குப் பதிலாக வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். முடியாதென்றால் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, சும்மா நிற்க விடுங்கள். 12 வோல்ட் பேட்டரி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2க்கு இறங்கிவிட்டால் பாதிதான் மிச்சம்.

ஏர் பிரேக் வண்டி ராத்திரி நின்று காலையில் நகர மறுத்தால் பெரும்பாலும் காற்று எங்கோ கசிந்திருக்கிறது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். காற்று டேங்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை இறக்குவது யாரும் செய்யலாம். அந்த ஸ்பிரிங் இருக்கும் சேம்பரின் கிளாம்பில் மட்டும் ஸ்பேனர் வைக்காதீர்கள். உள்ளே அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும், கொன்றிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் புதிதாகத் தெரியும் ஸ்டெப்னிதான் பெரும்பாலும் வண்டியிலேயே வயதான டயர்.

அந்த ஹார்ன் வண்டிக்கு வயர் கட்டை மாற்றி, ரப்பர் உறை போட்டு அனுப்பினேன். சுவரை விட்டு நான்கு அடி தள்ளி நிறுத்துகிறார், கேபினையும் கூட்டி வைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அவர் சொன்னதாக ஒரு புது ஆள் காருடன் வந்தார். இடது பக்க லைட் எரியவில்லை, உள்ளே ஏதோ வாடை. முகவரி கேட்டால் அதே தெரு. ராத்திரியில் சண்டைக்கு வந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.