மருந்து வந்தபின் மாறிய நோய்

பெர்னிஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை நோயின் பெயரிலேயே சாவு இருந்தது. 'பெர்னிஷியஸ்' என்றால் ஆளைக் கொல்வது. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விவரித்த நாளிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கதை ஒன்றுதான். முகம் எலுமிச்சை மஞ்சளாக வெளுக்கும், நாக்கு வழுவழுவென்று சிவந்து எரியும், கால் மரத்துப்போகும். நடுவில் சில மாதம் தேறியதுபோல இருக்கும். பிறகு மறுபடி சாய்த்துவிடும்.

1926-இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்துப் பார்த்ததை அறிவித்தார்கள். லேசாக வேகவைத்த ஈரல், அதுவும் கை நிறைய. எரிகிற நாக்கோடு, பசியே இல்லாதவர் அதை விழுங்க வேண்டும். ஆனால் ஒரு வாரம், பத்து நாளில் ரத்தத்தில் ஓர் அலை எழுந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவரும் இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகள் மளமளவென்று கூடின.

நோய்க்கு அன்றிலிருந்து இலக்கணமே மாறியது என்பேன். அதுவரை எப்படி முடிகிறது என்பதை வைத்து அறியப்பட்ட நோய், இனி ஈரலுக்கு எப்படி இணங்குகிறது என்பதை வைத்து அறியப்பட்டது. ரெட்டிகுலோசைட் அலை எழுந்தால் இதுதான் நோய். எழாவிட்டால் வேறு ஏதோ.

அதே அலையை அளவுகோலாக வைத்துத்தான் பாஸ்டனின் இன்னொரு மருத்துவர் வில்லியம் காஸில் அடுத்த புதிரைத் தொட்டார். இந்த நோயாளிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஈரல் வேண்டும்? அரைவேக்காட்டு மாட்டிறைச்சி 300 கிராம் அவரே சாப்பிட்டார், ஒரு மணி நேரம் கழித்து வாந்தியாக வெளியே எடுத்தார், நோயாளியின் வயிற்றுக்குள் குழாய் வழியே செலுத்தினார். வெறும் இறைச்சியால் பயனில்லை, வெறும் இரைப்பை நீராலும் பயனில்லை. இரண்டும் கலந்தபோது அலை எழுந்தது. ஆக, கோளாறு ரத்தத்தில் தொடங்கவில்லை, வயிற்றில் தொடங்கியது. உணவிலுள்ள சத்தைப் பிடித்துக் குடலில் சேர்க்கும் ஒரு புரதம் இவர்களின் இரைப்பையில் சுரக்கவில்லை. நோயாளியின் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்தச் சுரப்பணுக்களைத் தாக்குகிறது என்பது பின்னாளில் தெரிந்தது.

1948-இல் அந்தச் சத்து சிவப்புப் படிகமாகக் கையில் கிடைத்தது: வைட்டமின் பி12. அது இல்லாமல் செல்லால் டிஎன்ஏவைச் சரியாக உண்டாக்க முடியாது. மஜ்ஜையில் அணுக்கள் பெரிதாக வளர்ந்தும் பிரிய முடியாமல் தேங்கி நிற்கும். நமக்கு அன்றாடம் தேவைப்படுவதோ சுமார் 2.4 மைக்ரோகிராம்! ஈரல் அதைச் சேமிக்கும் இடம் என்பதால்தான் ஈரல் உணவு வேலை செய்தது. அந்தச் சேமிப்பு கரைய ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் நோயும் சத்தமில்லாமல் வருகிறது.

இடையில் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமின் வந்து ஓர் எச்சரிக்கையை விட்டுச் சென்றது. அதைக் கொடுத்தால் ரத்தம் தேறியது, ஆனால் நரம்புகள் சிதைந்துகொண்டே போயின. ரத்தத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முதுகுத்தண்டின் நரம்புறைக்கும் பி12 வேண்டும்.

சாவு விலகியதும் பின்னால் இருந்தவை கண்ணில் பட்டன. நெடுநாள் வாழும் இந்த நோயாளிகளுக்கு இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இன்று பலர் மஞ்சள் முகத்தோடு வருவதில்லை. பாதத்தில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது என்று வருகிறார்கள். சிலருக்கு அப்போது ரத்தசோகையே இருப்பதில்லை. சிரிஞ்சில் ஏறும் பி12 மருந்து நல்ல சிவப்பு. உள்ளே கோபால்ட்டைச் சுமக்கும் மூலக்கூறின் நிறம் அது. தவறாமல் போட்டுக்கொண்டால் ரத்தம் சில வாரங்களில் சீராகிவிடும். தாமதித்தால், மரத்துப்போன பாதம் முழுதாகத் திரும்பாமலே போகலாம்.