புதைக்கும் முன் தகவல் தாருங்கள்

பண்ணையில் விலங்குகள் அடுத்தடுத்து இறக்கின்றன. இறந்தவற்றைப் புதைத்து, எஞ்சியவற்றை அவசரமாக விற்றுத் தீர்த்த பிறகே கால்நடை மருத்துவருக்குத் தகவல் வருகிறது. அண்மையில் மீண்டும் அப்படியொரு பண்ணையில் மாதிரி எடுக்க எதுவுமின்றி நின்றதால் இதை எழுதுகிறேன்.

உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிப்படி, பட்டியலிடப்பட்ட நோய் ஒரு நாட்டில் முதன்முறையாகத் தோன்றினாலும், ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டபின் திரும்ப வந்தாலும், வழக்கமில்லாத விலங்கினத்தைத் தாக்கினாலும் உறுப்பு நாடு 24 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் அரசுக்கு ஓடத் தொடங்குமுன்பே பண்ணையில் வாரக்கணக்கில் காலம் வீணாகிவிடுகிறது.

'அறிவித்தால் வணிகம் அழியும், மறைத்தால் பிழைக்கும்' என்ற எண்ணமே என்னை மிகவும் வருத்துகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. தொடக்கத்திலேயே அறிவித்தால், நோய் கண்ட பகுதியைத் தனி மண்டலமாகப் பிரித்து, மற்றப் பகுதிகளின் வணிகம் தொடர வழி கேட்கலாம். காட்டுப் பறவைகளில் பறவைக் காய்ச்சல் கண்டதாக அறிவித்ததற்காகக் கோழிப் பொருள்களுக்குத் தடை விதிக்கலாகாது என்றே சர்வதேச நெறிமுறை கூறுகிறது. மறைத்த நோயை இறக்குமதி செய்த நாடு கண்டுபிடித்தால், அதன்பின் நாம் தரும் எந்தச் சான்றிதழை யார் நம்புவார்கள்? அறிக்கை வராத நாட்டில் நோயில்லை என்று கொள்வதும் தவறு. அங்கே கண்காணிப்பு இல்லாமலும் இருக்கலாம்.

தென்னாசியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் ஆண்ட்வெர்ப் துறைமுகம் வழியாகக் கடந்ததில், 1920இல் பெல்ஜியத்தில் மாடுகளைக் கொல்லும் தொற்றான வெக்கை நோய் பரவியது. அந்த அனுபவத்தால்தான் 1924இல் 28 நாடுகள் கூடி உலக விலங்கு சுகாதார அமைப்பை நிறுவின. அதே வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்ததில், ஒளிவின்றி வந்த தகவல்களுக்குப் பெரும் பங்குண்டு. மாறாக, 2007இல் ஜார்ஜியாவில் பன்றிகள் இறந்தபோது முதலில் வேறு நோயென்று கருதப்பட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என உறுதியாகும் முன்பே அது பல பகுதிகளுக்குப் பரவியிருந்தது.

இளம் மருத்துவர்களே, ஆய்வக முடிவுக்காகக் காத்திராதீர்கள். சந்தேகமே மேலதிகாரிக்குத் தெரிவிக்கப் போதுமான காரணம். பண்ணையாளர்களே, திடீரென விலங்குகள் இறந்தால் மீதமுள்ளவற்றை விற்காதீர்கள், வேறிடம் மாற்றாதீர்கள். உடலை நீங்களே அறுத்துப் பார்க்கவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து. எத்தனை இறந்தன, எப்போது இறந்தன, அண்மையில் வெளியிலிருந்து எவை வந்தன என்று குறித்து வையுங்கள். தயவுசெய்து, குழி தோண்டும் முன்பே எங்களை அழையுங்கள்.