மூன்றாவது ஆளுக்குப் போட்ட ஓட்டு எங்கே போகிறது?

அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்றாவதாக ஒருவர் நின்றாலே "ஓட்டைப் பிரிக்கிறார்" என்ற பேச்சு கிளம்பிவிடும். நமக்கும் பழக்கமான பேச்சுதான். ஆனால் அங்கே வாக்கு எண்ணும் கணக்கே மூன்றாவது ஆளை நசுக்குகிற மாதிரி அமைந்திருக்கிறது.

மக்கள் போடும் ஓட்டு நேராக அதிபருக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை பேர் என்று இருக்கும் தேர்வாளர்கள்தான் அவர்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். மொத்தம் 538 தேர்வாளர்கள், அதில் 270 பேர் கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த 48 மாகாணங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் போதும், அந்த மாகாணத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே. 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஆனாலும் எந்த மாகாணத்திலும் முதலிடம் வரவில்லை என்பதால் ஒரு தேர்வாளர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் 2000 தேர்தல், ஃபுளோரிடா மாகாணம். துளை போட்ட வாக்கு அட்டைகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துண்டு முழுசாக விழுந்திருக்கிறதா, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியபோது ஜனநாயகக் கட்சியின் அல் கோரைவிடக் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 537 ஓட்டு முன்னால் இருந்தார். 25 தேர்வாளர்களும் அவருக்குப் போக, மொத்தம் 271 பேரோடு அதிபரானார். நாடு முழுக்கப் பார்த்தால் கோருக்குத்தான் 5 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு. அதே ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,000-க்கும் மேல் வாங்கியிருந்தார். அவருக்குப் போட்டவர்களில் ஒரு சிறு பங்கு கோர் பக்கம் சாய்ந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும்.

இதைப் பார்த்த வாக்காளர் அடுத்த முறை என்ன செய்வார்? பிடித்தவரை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுவார். பணம் தருபவர்களும், நிற்க நினைப்பவர்களும் அதே கணக்கைத்தான் போடுவார்கள். முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற விதி இருக்கும் இடத்தில் களம் இரண்டு கட்சிகளாகச் சுருங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவெர்ஷே 1950-களிலேயே எழுதிவிட்டார். மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டவர்மேல் பழி விழுகிறது, விதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

விதியை மாற்ற முடியாதா என்றால், முடியும். இலங்கையில் அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பின்தங்கியவருக்கு 1 போட்ட ஓட்டு, களத்தில் மிஞ்சியிருப்பவர்களில் அடுத்த விருப்பமானவருக்குப் போகும். 2024-இல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முதல்முறையாக அந்த இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். மெய்ன் மாகாணமும் 2020 அதிபர் தேர்தலிலிருந்து இப்படி வரிசைப்படுத்த விடுகிறது. ஃபுளோரிடாவில் அன்று இது இருந்திருந்தால், நேடருக்கு 1 போட்டவர் பக்கத்திலேயே இன்னொருவருக்கு 2 போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.