செப்டம்பரில் தொடங்கும் தலைவலி

பிலிப்பைன்ஸில் செப்டம்பர் 1 அன்றே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுவார்கள். பெயர் 'பர்' என்று முடிகிற நான்கு மாதமும் அவர்களுக்குப் 'பர் மாதங்கள்', பண்டிகைக் காலம். துபாயிலும் ஹாங்காங்கிலும் வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கமில்லை என்று மருத்துவரிடம் வருவதும் இந்த மாதங்களில் உண்டு. வீட்டு நினைப்பு என்று வாய்திறந்து சொல்பவர்கள் குறைவு. அந்த ஏக்கத்துக்கு அவர்கள் மொழியான தகாலோக்கில் உள்ள சொல்லுக்கு வேர் 'உலிலா'. அநாதை என்று பொருள்.

உண்மையான கஷ்டம் டிசம்பர் 16-இல் ஆரம்பிக்கிறது. 24 வரை ஒன்பது விடியற்காலைப் பூசைகள். 'சிம்பாங் கபி' என்பார்கள். ஒன்பதையும் விடாமல் முடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. மணிலாவில் காலை 4 மணி என்றால் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அதே 4 மணி. லண்டனில் முந்தின நாள் இரவு 8, வேலை முடிந்து உட்கார்ந்து பார்க்கலாம். துபாயில்தான் சரியாக நள்ளிரவு 12. பூசையை போனில் பார்த்து, பிறகு வீட்டாரோடு பேசி, படுக்கும்போது மணி 2 ஆகிவிடும். எழ வேண்டியது ஐந்தரைக்கு. ஒன்பது நாள் இப்படிப் போனால் யாருக்கும் அழுகை வரும். அதில் பாதி ஏக்கம், பாதி தூக்கக் கடன்.

முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் ஊரோடு சேர்ந்து பாருங்கள். மற்ற ஏழு நாளுக்கு அருகிலுள்ள தேவாலயத்தின் மாலைப் பூசைக்குப் போகலாம். வளைகுடாவின் பல தேவாலயங்களில் இது மாலையில்தான் நடக்கிறது. 24-ஆம் தேதி நள்ளிரவு விருந்து துபாய் நேரப்படி இரவு 8 மணிக்கு வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தை முதலாளியிடம் நவம்பரிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

வீடியோ அழைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. போனைச் சாப்பாட்டு மேசை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். இங்கே இருப்பவர் ஒரு மணி நேரம் மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட, ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு பேசும் இருபது நிமிடம் மேல். "உப்பு போதுமா, இன்னும் கொஞ்சம் கிண்டட்டுமா" என்று கேட்டபடி அம்மா சமைக்கட்டும்.

கையால் செய்யும் வேலை ஒன்றும் வேண்டும். பூசை முடிந்ததும் சாப்பிடும் அரிசிமாவு அடை 'பிபிங்கா'வுக்கு மேலே வைக்க உப்பு முட்டை தேவை; இதற்கு அடுப்படியில் பெரிய இடம் கேட்காது. ஒரு பங்கு உப்பு, நான்கு பங்கு தண்ணீர். கொதிக்கவைத்து முழுக்க ஆறவிட வேண்டும். சூடு இருந்தால் முட்டை உள்ளே வேக ஆரம்பித்துவிடும். கீறல் விழுந்த முட்டை ஒன்று போதும், ஜாடியே நாறும். முட்டைகள் மிதக்காமல் இருக்க மேலே சின்னத் தட்டை வைத்து அழுத்துங்கள். 21 நாள் ஊற வேண்டும். நவம்பர் 25 அன்று போட்டால் டிசம்பர் 16-க்குத் தயார். பிறகு பதினைந்து நிமிடம் வேகவைத்தால் போதும். அந்த மூன்று வாரமும் ஊரைவிட்டு வந்தவர் காத்திருப்பது இங்கே இருக்கும் ஒன்றுக்காக.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊரில் வேலை செய்பவர்களுக்கு டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கொடுப்பது 1975 முதல் சட்டம். வளைகுடாவில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் குடும்பத்தில் பணக்காரர் என்று பெயர் அவருக்குத்தான். 'பாலிக்பாயன்' பெட்டி, அதாவது ஊருக்கு அனுப்பும் பரிசுப் பெட்டி, கப்பலில் போக ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். செப்டம்பர் முடிவதற்குள் அனுப்பாவிட்டால், கடைசி நேரத்தில் கடன் வாங்கி விமானத்தில் அனுப்புகிறார்கள். ஜனவரியில் வரும் மனச்சோர்வுக்கு அந்தக் கடனும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் இவர்களுக்குச் சிகிச்சை தரும் நர்ஸ்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, சம்பளத்தை நிறுத்தி, வார விடுமுறை தராமல் வைத்திருந்தால் அழுகை வரத்தான் செய்யும். அதற்கு "வீட்டு நினைப்பு" என்று பெயர் வைப்பது தப்பான நோயறிதல். அங்கே தேவை பிலிப்பைன்ஸ் தூதரகத்தின் தொழிலாளர் நல அலுவலகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டுப்போய், விடுமுறை நாளிலும் வெளியே போகப் பிடிக்காமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் எதற்கு? அன்றைக்கே நேரடியாகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல், கூடவே உட்கார்ந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்யுங்கள்.